பூங்கொத்தைக் கட்டுபவரிடம் பேசிவிட்டு அனுப்புங்கள்

என் அக்காவின் 50வது பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய பூங்கொத்தை அவர் படமெடுத்து அனுப்பியிருந்தார். ‘ரொம்ப அழகாக இருக்கிறது’ என்று கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இணையதளத்தில் நான் அரைமணி நேரம் யோசித்துத் தேர்ந்தெடுத்தது 24 வெளிர் ஆரஞ்சு ரோஜாக்கள். மேசைமேல் இருந்தவை 13 சிவப்பு ரோஜாக்கள். மீதி இடத்தை இலைதழையும் மடிப்பு மடிப்பாகச் சுற்றிய வண்ணக் காகிதமும் அடைத்துக்கொண்டிருந்தன. நல்ல பக்கம் முன்னால் தெரியும்படி அக்கா கொத்தைத் திருப்பி வைத்திருந்தார். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில், ஐந்து ரோஜாக்கள் கழுத்து ஒடிந்தவைபோலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது தெளிவாகத் தெரிந்தது.

அன்றிரவே அந்த இணையதளத்தின் எண்ணை அழைத்தேன். பேசியவருக்குப் பூவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஆர்டர் எண்ணைக் கேட்டார், உள்ளூர்க் கடை ஒன்றின் வழியாக அனுப்பியதாகச் சொன்னார், அந்தக் கடையின் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். வாழ்த்து அட்டையின் பின்பக்கம் கடையின் முத்திரை இருந்ததால் மறுநாள் அக்காவே அங்கே போய் விசாரித்தார். கடைக்காரர் தம்மிடம் வந்த ஆர்டர் சீட்டை எடுத்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது: நான் கட்டிய தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் அவர் கைக்கு வந்திருந்தது, அதிலும் டெலிவரிச் செலவு அடக்கம். “இந்தப் பணத்துக்கு இவ்வளவுதான் கட்ட முடியும், உங்களிடம் எந்தப் படத்தைக் காட்டி விற்றார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது” என்றாராம். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, வாடிய பூவைச் சேர்த்துக் கட்டியதை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.

ஓர் ஊரில் பணம் வாங்கிக்கொண்டு இன்னோர் ஊரில் பூவைக் கொடுப்பது ஒன்றும் புதிய ஏற்பாடு இல்லை. 1908இல் பெர்லினில் மாக்ஸ் ஹூப்னர் என்ற பூக்கடைக்காரர் இதற்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1910இல் அமெரிக்காவில் 15 பூக்கடைக்காரர்கள் சேர்ந்து, வெளியூர் ஆர்டர்களைத் தந்தி வழியே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டமைப்புகளில் ஆர்டர் எடுத்தவரும் பூக்கடைக்காரர், பூவைக் கட்டியவரும் பூக்கடைக்காரர். எந்தப் பூ எந்த மாதத்தில் வராது என்பது இரண்டு முனையிலும் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் மாட்டிக்கொண்டது வேறு வகை. சொந்தமாக ஒரு பூகூட வைத்திராமல், படங்களையும் விளம்பரத்தையும் கொண்டே ஆர்டர்களைத் திரட்டி, தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்கோ ஒரு கடைக்குத் தள்ளிவிடும் இடைத்தரகு அது. ஊர்ப் பெயரைச் சேர்த்து இணையத்தில் தேடும்போது பல நேரம் இவைதான் முன்னால் வந்து நிற்கின்றன. பெயரிலேயே அந்த ஊரின் பெயரை வைத்துக்கொண்டு உள்ளூர்க் கடைபோலத் தோற்றம் தருபவையும் உண்டு. தெருப் பெயரும் கதவு எண்ணும் உள்ள முகவரி இல்லாமை, எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் அதே படங்கள் அதே வரிசையில் வருவது, கடையின் உட்புறத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லாமை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் கண்டால் இப்போதெல்லாம் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறேன்.

அதற்குப் பதிலாகச் செய்வது இதுதான். பெறுபவரின் வீட்டை வரைபடத்தில் வைத்து, அதைச் சுற்றியுள்ள பூக்கடைகளைத் தேடுகிறேன். கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, வாங்கியவர்கள் தங்கள் வீட்டு மேசையில் வைத்து எடுத்த படங்களை மட்டும் பார்க்கிறேன். வெளிச்சம் போதாத, ஓரத்தில் குழந்தையின் கை தெரிகிற அந்தப் படங்கள்தான் உண்மையைச் சொல்பவை. இரண்டு மூன்று கடைகளைத் தேர்ந்தபின், ஆர்டர் கொடுக்கும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பாகவே தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: “இன்று உங்களிடம் எந்தப் பூ நன்றாக இருக்கிறது?” இடைத்தரகராக இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் வராது, எல்லாமே நன்றாக இருக்கும், இணையதளத்தில் பாருங்கள் என்பார்கள். கடையில் நிற்பவர் என்றால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்த ஓரிரு நொடி இடைவெளியே எனக்குப் போதும்.

அக்கா இருக்கும் ஊரில் இப்படித்தான் ஒரு பெண்மணியின் கடையைக் கண்டுபிடித்தேன். முதல் முறை நான் பேசிக்கொண்டிருந்தபோது மறுமுனையில் கத்தரியின் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தண்டுகளை வெட்டிக்கொண்டே பேசியிருக்கிறார். பழைய பழக்கத்தில் நான் ஒரு படத்தை அனுப்பி, இதேபோல வேண்டும் என்றேன். கத்தரிச் சத்தம் நின்றது. “இதில் இருக்கும் பூவில் பாதி இந்த மாதத்தில் வராது. வருவதுபோல ஒன்றைத் தேடிப் பிடித்துக் கட்டினால் உங்கள் பணம் அதற்கே போய்விடும். எவ்வளவு செலவழிக்கப் போகிறீர்கள், யாருக்கு, எதற்கு, அவர்களுக்கு எந்த நிறம் பிடிக்கும், எந்த நிறம் ஆகாது, இதை மட்டும் சொல்லுங்கள், பூவை என்னிடம் விட்டுவிடுங்கள்” என்றார். அன்றிலிருந்து நான் படம் அனுப்புவதில்லை. தொகையில் டெலிவரிச் செலவு அடக்கமா இல்லையா என்பதை முதலிலேயே பேசிவிடுகிறேன். சொன்ன பூ கிடைக்காவிட்டால் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதையும் ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நிறம் மாறக் கூடாது, பூ மாறலாம் என்பது என் வழக்கமான வரி. பூவின் பெயரில் பிடிவாதம் பிடித்தால் காலம் தவறிய, விலை கூடிய, தண்டு மெலிந்த பூவாக வந்து சேரும் என்பதை இரண்டு முறை பட்டபின் கற்றேன்.

அவரிடம் நான் கற்றவற்றில் பெரும்பகுதி, அவர் ஆர்டரை மறுத்த ஒரு நாளில் கற்றது. அலுவலக நண்பர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. பெரிதாக, மணமுள்ள லில்லிகள் சேர்த்த கொத்து வேண்டும் என்று கேட்டேன். “எந்த வார்டு?” என்று கேட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவு என்றதும், அங்கே பூவை உள்ளே விட மாட்டார்கள், வரவேற்பு மேசையிலேயே கிடந்து வாடும் என்றார். பூச்சாடித் தண்ணீரில் கிருமிகள் பெருகும் என்பதாலும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் அங்கே இருப்பார்கள் என்பதாலும் பல மருத்துவமனைகள் அத்தகைய பிரிவுகளில் பூக்களைத் தடுத்துவிடுகின்றன. சாதாரண வார்டுக்கே அனுப்புவதாக இருந்தாலும் முன்கூட்டி மருத்துவமனையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசனை அடர்ந்த பூவை அடைபட்ட அறைக்கு அனுப்பக் கூடாது. பூச்சாடி தேடி யாரும் அலையாதபடி, தண்ணீரோடு சேர்ந்த சிறிய சாடியில் வைத்தே கொடுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னவர், கடைசியில், “வீட்டுக்கு வந்த மறுநாள் அனுப்பலாம், அப்போதுதான் அவரைப் பார்க்க வருகிறவர்களின் கூட்டம் குறைந்திருக்கும்” என்று முடித்தார். வந்த வியாபாரத்தை ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லும் கடைக்காரரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

லில்லி விஷயத்தில் இன்னொரு முறை ஆபத்தின் விளிம்புவரை போய் வந்தேன். வேறு ஊரில், வேறு கடையில், தோழி ஒருவருக்காக ஆர்டர் கொடுத்தபோது அவர் வீட்டில் பூனை இருப்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை, கடையிலும் கேட்கவில்லை. கொத்து போய்ச் சேர்ந்த சில நிமிடங்களில் தோழி அழைத்து நன்றி சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி, அதை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். லில்லியின் இதழ், இலை மட்டுமல்லாமல், மேலே ஒட்டிய மகரந்தத்தைப் பூனை நக்கினாலோ சாடித் தண்ணீரைக் குடித்தாலோகூட அதன் சிறுநீரகம் செயலிழந்துவிடக் கூடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். பெறுபவர் வீட்டில் பூனை உண்டா என்பதை, முகவரியைக் கேட்கும் அதே மூச்சில் இப்போது கேட்டுவிடுகிறேன். பூனை இல்லாத வீடு என்றாலும், லில்லி மலர்ந்தவுடன் நடுவில் இருக்கும் மகரந்தப் பைகளை மெல்லிய காகிதத்தால் பிடித்துக் கிள்ளிவிடச் சொல்வேன். ஆடையில் அந்தத் தூள் பட்டுவிட்டால் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, கறை இறங்கிவிடும். ஒட்டும் டேப்பை வைத்து எடுத்தால் வந்துவிடும்.

வழியில் தாங்கும் பூ எது, தாங்காத பூ எது என்பதிலும் கொஞ்சம் அறிவு வேண்டியிருக்கிறது. கார்னேஷனும் செவ்வந்தியும் இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிப்பவை. செவ்வந்தியில் இதழ் வாடுவதற்கு முன்பே இலை மஞ்சளாகத் தொடங்கும், ஆகவே இலையைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடலாம். ரோஜா நன்றாகப் பராமரித்தால் ஒரு வாரம் வரும். ரோஜாவின் புதுமையை அறிய, இதழ்களுக்கு அடியில், காம்பை ஒட்டிய பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் புதியது, பஞ்சுபோல அமுங்கினால் பழையது. வெளிப்புறத்தில் ஓரிரு இதழ்கள் பச்சையும் பழுப்புமாகத் தடித்து நிற்பதைக் கண்டு பலர் கெட்ட பூ என்று நினைத்துவிடுகிறார்கள். அவை உள்ளிதழ்களைக் காக்க விட்டுவைத்த காவல் இதழ்கள், கிள்ளிவிட்டால் போதும். ஜெர்பராவின் தண்டு மென்மையானது, ஆழமான தண்ணீரில் நின்றால் அழுகி வளைந்துவிடும். ஹைட்ரேஞ்சியா தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தாலே சுருண்டுவிடும், ஆனால் தலையோடு சேர்த்துக் குளிர்ந்த நீரில் அரைமணி முக்கி வைத்தால் பெரும்பாலும் எழுந்துகொள்ளும். நீண்ட நேரம் வண்டியில் போக வேண்டிய கொத்தில் அதைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். லில்லியை மொட்டாகவே அனுப்பச் சொல்லலாம். ஆனால் அதை முன்னரே பெறுபவருக்குத் தெரிவிக்காவிட்டால், மலராத பூவை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் எண்ணக் கூடும்.

பழக்கூடையும் பூங்கொத்தும் சேர்ந்த பரிசு கண்ணுக்கு நிறைவாக இருக்கும், எனக்கும் ஒரு காலத்தில் அதன்மேல் ஆசை இருந்தது. பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு பூவுக்கு மூப்பைக் கொண்டுவருகிறது. கார்னேஷன் இதில் மிகவும் நொய்ந்தது, இதழ்கள் உள்நோக்கிச் சுருண்டு தூங்குவதுபோல ஆகிவிடும். நான் அனுப்பிய கூடையில் இரண்டாம் நாளே அப்படித்தான் ஆயிற்று. பழங்கள் மட்டும் அருமையாகப் பழுத்திருந்தனவாம். அதே காரணத்தால், வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பழங்களுக்கு நடுவே பூங்கொத்தை வைப்பதும் தவறு. ரோஜாவைப் பூக்கடையின் குளிரறையில் ஓரிரு டிகிரி செல்சியஸில்கூட வைப்பார்கள் என்றாலும், ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்ற வெப்பமண்டலப் பூக்கள் 10 டிகிரிக்குக் கீழே போனால் கறுத்துப்போகும்.

டெலிவரிதான் நான் அதிகம் அடிபட்ட இடம். பெறுபவருக்குத் தெரியாமல் அனுப்பி வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்ற ஆசையில், அவர் வீட்டில் இருப்பாரா என்று விசாரிக்காமல் ஒருமுறை அனுப்பினேன். அவர் வெளியே போயிருந்தார். கொண்டுபோனவர் வாசற்படியில் வைத்துவிட்டுப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் போய்விட்டார். மேற்குப் பார்த்த வாசல். ஐந்து மணி நேர வெயிலில், செல்லோபேன் தாளுக்குள் ஆவி கட்டி, மாலையில் அவர் வந்து பார்த்தபோது கொத்து வெந்த கீரையைப்போல இருந்ததாம். இப்போது வியப்பில் பாதியை விட்டுக்கொடுத்துவிடுகிறேன்: அன்றைக்கு எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பீர்கள், ஒரு பொருள் வரவேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லிவைப்பேன். என்ன பொருள் என்பது தெரியாதவரை வியப்பு மிச்சம் இருக்கவே செய்கிறது. பெறுபவரின் தொலைபேசி எண், அடுக்குமாடி என்றால் தளமும் கதவு எண்ணும், வாயிற்காவலரிடம் சொல்ல வேண்டிய பெயர், ஆளில்லாவிட்டால் யாரிடம் கொடுக்கலாம் என்பது, இவ்வளவும் ஆர்டரிலேயே இருக்க வேண்டும். வெளிநாடு என்றால் அன்றே டெலிவரி என்பதன் கடைசி நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படிதான். நம் ஊரில் காலையாக இருக்கும்போது அங்கே கடை மூடியிருக்கலாம். பிப்ரவரி 14 போன்ற நாட்களில் எந்த நல்ல கடையும் திணறும்; பூவின் விலையும் ஏறியிருக்கும், கட்டும் கையும் சோர்ந்திருக்கும். அத்தகைய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேரும்படி அனுப்புவதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

வாழ்த்து அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் தெரியாத ஊரில் உள்ள கடைக்குத் தமிழில் வாழ்த்தை எழுதி அனுப்பினேன். அட்டையில் வரிசையாகக் கட்டம் கட்டமாக அச்சாகிப் போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை வெள்ளைத் தாளில் கையால் எழுதி, அதைப் படமெடுத்து அனுப்பி, படமாகவே அச்சிடச் சொன்னேன், சரியாக வந்தது. இன்னொரு முறை என் பெயரைப் போட மறந்துவிட்டேன். பெற்றவர் மூன்று பேருக்குத் தொலைபேசி செய்து நன்றி சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் அந்த நன்றியை மறுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

கட்டும் முறையிலும் தேர்வு உண்டு. பச்சை நிற நுரைக்கட்டியில் பூக்களைச் செருகித் தரும் கூடை, பார்த்தவுடன் மேசையில் வைக்க வசதியானது. 1954இல் வந்த அந்த நுரை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்றாலும் நாள்தோறும் மேலே தண்ணீர் ஊற்றாவிட்டால் காய்ந்துவிடும். ஒருமுறை முழுக்கக் காய்ந்ததை மறுபடி நனைப்பது கடினம். மக்காத பிளாஸ்டிக் என்பதால் பின்னால் குப்பையிலும் நிலைத்து நிற்கும். தண்டுகளைச் சுழல் வடிவில் சாய்த்துக் கையால் கட்டிய கொத்தையே நான் கேட்கிறேன். அதை அவிழ்க்காமலே அடியை வெட்டிச் சாடியில் நிறுத்தலாம். வழியில் அடி காயாதபடி ஈரத் துணியோ தண்ணீர்ப் பையோ கட்டித் தருவதை நல்ல கடைகள் கேட்காமலே செய்கின்றன. இருந்தாலும் கேட்டுவிடுவது நல்லது.

கொத்து போய்ச் சேர்ந்ததும் பெறுபவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது என் வழக்கமாகிவிட்டது. தண்டின் அடியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள், தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், இரண்டு நாளுக்கொருமுறை சாடியைக் கழுவித் தண்ணீரை மாற்றி மறுபடி வெட்டுங்கள், வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள், இவ்வளவுதான் அதில் இருக்கும். கூடவே வரும் சிறு பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அதில் பூவுக்கு உணவாகச் சர்க்கரையும், தண்ணீரை எளிதாக உறிஞ்ச உதவும் அமிலமும், கிருமியைத் தடுக்கும் மருந்தும் கலந்திருக்கின்றன. சர்க்கரையை மட்டும் வீட்டிலிருந்து போட்டால் கிருமிக்குத்தான் விருந்து. அக்கா வீட்டு ரோஜாக்கள் கழுத்துத் தொங்கியதற்கும் காரணம், தண்டுக்குள் காற்றோ கிருமியோ அடைத்துக்கொண்டு தலைவரை தண்ணீர் ஏறாமல் போனதுதான். அடியை வெட்டி, தலைகளைக் காகிதத்தால் இறுகச் சுற்றி, கழுத்துவரை தண்ணீரில் சில மணி நேரம் நிறுத்தியிருந்தால் அவற்றில் சிலவாவது நிமிர்ந்திருக்கும். அன்றைக்கு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

குறை இருந்தால் அன்றைக்கே, படத்தோடு சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் கழித்து வாடிய பூவைக் காட்டினால், வந்தபோது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி இல்லை. ஆகவே வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒரு படம் அனுப்பும்படி கடையைக் கேட்கிறேன், பெறுபவரிடமும் தயங்காமல் எல்லாப் பக்கமும் தெரியும்படி படம் கேட்கிறேன். அக்காவிடம் மட்டும், கண்ணாடிக்கு முன்னால் வைத்தே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஆண்டுப் பிறந்தநாளுக்கு அந்தப் பெண்மணியை அழைத்தபோது, இன்று வந்த ரோஜா தமக்கே பிடிக்கவில்லை என்றும், வெள்ளைச் செவ்வந்தியும் மஞ்சள் ஆல்ஸ்ட்ரோமேரியாவும் நன்றாக இருப்பதாகவும் சொன்னார். சரி என்றேன். பன்னிரண்டாம் நாள் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. கொத்தில் மிஞ்சியது மூன்று செவ்வந்திகள் மட்டும். தண்டுகள் வெட்டி வெட்டி விரல் நீளமாகிவிட்டிருந்தன. சாடியிலிருந்து அவற்றை எடுத்து, சமையலறை ஜன்னலோரம் ஒரு சிறிய தம்ளரில் வைத்திருந்தார். ‘இன்னும் இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தார்.